அப்துல் ஹபீஸ் கார்தார்: நமக்காக ஆசனம் கேட்ட அணித்தலைவர்

கடந்த தவணையில் ஒருநாள் இடைவேளை முடிந்து வகுப்புக்குள் போனபோது இரண்டு மாணவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார்கள். என்னவென்று விசாரித்தேன். முந்திய நாள் மாலை பிரத்தியேக வகுப்புக்குப் போன இடத்தில் வேறொரு பாடசாலைப் பையன், நீங்களெல்லாம் பாகிஸ்தான் ஆட்கள்தானே என்று சொல்லியிருக்கிறான். ஒருவன் அவனுக்குக் கைநீட்டப் போயிருக்கிறான். மற்றவன் பிடித்துத் தடுத்திருக்கிறான். இப்போது கைநீட்டப் போனவனும் தடுத்தவனும் பேசிக்கொள்வதில்லை.

இந்தப் பேச்சு நமக்குப் புதிதல்ல. என் வயதுக்காரர்கள் கேட்டிருக்கிறோம், எங்கள் வாப்பாமாரும் கேட்டிருக்கிறார்கள். கிரிக்கெட் போட்டி வரும்போதெல்லாம் ஒரு சமூகத்தின் விசுவாசத்தை அளந்து பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. நம்மில் சிலரும் அதற்கு வாய்ப்பாக நடந்துகொண்டதுண்டு என்பதை மறைக்கத் தேவையில்லை.

அன்று நான் அந்தப் பிள்ளைகளுக்கு உபதேசம் எதுவும் செய்யவில்லை. பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு மனிதரின் கதையைச் சொன்னேன். பாகிஸ்தானின் முதலாவது டெஸ்ட் அணித்தலைவராக இருந்து, பின்னர் அரசியலுக்குள் வந்து, மாகாண அமைச்சராகவும் கிரிக்கெட் சபைத் தலைவராகவும் தூதுவராகவும் பணியாற்றியவர் அவர். இலங்கைக்கு முழு அங்கத்துவம் இல்லாத ஒரு சபையில் இலங்கைக்காக வாதாடியவர். பெயர் அப்துல் ஹபீஸ் கார்தார். வகுப்பில் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. ஆசிரியர் ஓய்வறையில் கேட்டுப் பார்த்தேன், அங்கும் இருவருக்குத்தான் தெரிந்திருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கார்தார் 1925 ஜனவரி 17ஆம் திகதி லாகூரில் பிறந்தார். அந்நாளைய லாகூரில் கிரிக்கெட் வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை. இஸ்லாமியாக் கல்லூரியும் அரசினர் கல்லூரியும் மோதும் போட்டிக்கு நகரமே திரண்டு வரும். 1940இல் முஸ்லிம் லீக் தனது லாகூர் தீர்மானத்தை நிறைவேற்றிய மின்டோ பூங்கா, மற்ற நாட்களில் இளைஞர்கள் பந்தடிக்கும் திடல். கார்தார் இஸ்லாமியாக் கல்லூரியின் மாணவர். இடது கைத் துடுப்பாட்ட வீரர், இடது கைச் சுழற்பந்து வீச்சாளர். அரசியலும் விளையாட்டும் ஒரே புல்தரையில் வளர்ந்த நகரத்தில் அவரும் வளர்ந்தார்.

1946இல் பிரிக்கப்படாத இந்தியாவின் அணி இங்கிலாந்துக்குச் சென்றது. அப்துல் ஹபீஸ் என்ற பெயரில் 21 வயது இளைஞராக அவரும் அதில் இருந்தார். மூன்று டெஸ்ட் போட்டிகளில் இந்தியாவுக்காக ஆடினார். தொடர் முடிந்ததும் நாடு திரும்பாமல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படித்தார். பல்கலைக்கழக அணிக்கும் வோர்விக்‌ஷயர் கழகத்துக்கும் விளையாடினார். அவர் அங்கே படித்துக்கொண்டிருந்தபோதுதான் 1947 வந்தது. நாடு இரண்டாகப் பிரிந்தது. லாகூர் பாகிஸ்தானுக்குள் வந்தது. நேற்றுவரை ஒரே உடைமாற்றும் அறையில் இருந்தவர்கள் இரண்டு நாட்டவர் ஆனார்கள்.

இந்தியா, பாகிஸ்தான் ஆகிய இரு நாடுகளுக்கும் டெஸ்ட் ஆடியவர்கள் மூவர்தான். அமீர் இலாஹி, குல் முஹம்மத், கார்தார். ஒருவன் எந்த நாட்டு ஆள் என்பதை அவன் விளையாடும் அல்லது ரசிக்கும் அணியை வைத்துத் தீர்மானிக்க நினைப்பவர்கள் இந்த மூவரையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்ப்பது நல்லது.

புதிய பாகிஸ்தானிடம் திறமை இருந்தது. ஆனால் டெஸ்ட் ஆடும் உரிமை இருக்கவில்லை. அந்த உரிமையை வழங்கும் அதிகாரம் லண்டனில் கூடிய இம்பீரியல் கிரிக்கெட் மாநாட்டிடம் இருந்தது. பாகிஸ்தானின் முதல் விண்ணப்பத்துக்கு அங்கே கதவு திறக்கவில்லை. காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தக் காத்திருப்பைக் கார்தார் தன் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன். பின்னால் அவர் செய்த பல காரியங்களுக்கு விளக்கம் இங்கேதான் இருக்கிறது.

1951 நவம்பரில் எம்.சி.சி. அணி கராச்சிக்கு வந்தது. அதற்குச் சற்று முன்னர் அணித்தலைவர் முஹம்மத் சயீத்துக்குப் பதிலாகக் கார்தார் நியமிக்கப்பட்டிருந்தார். அந்தப் போட்டியில் பாகிஸ்தான் 4 விக்கெட்டுகளால் வென்றது. பள்ளிச் சிறுவனாக இருந்த ஹனீப் முஹம்மத் 64 ஓட்டங்கள் பெற்றார். அணித்தலைவர் 50 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நின்று வெற்றியை முடித்து வைத்தார். அடுத்த ஆண்டு, 1952 ஜூலையில், இந்தியாவின் பரிந்துரையோடு பாகிஸ்தானுக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது. பிரிவினையின் காயம் ஆறாத காலத்தில் அயல்நாடுதான் அயல்நாட்டுக்காகப் பேசியது.

முதல் டெஸ்ட் அதே ஆண்டு ஒக்டோபரில் டில்லியில் நடந்தது. பாகிஸ்தான் இன்னிங்ஸ் தோல்வி கண்டது. இவர்களுக்கு ஏன் இந்த அந்தஸ்து என்று கேட்க அது போதுமாக இருந்தது. ஆனால் அடுத்த போட்டியிலேயே லக்னோவில் பாகிஸ்தான் இன்னிங்ஸ் வெற்றி பெற்றது. நஸர் முஹம்மத் 124 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காதிருக்க, பஸல் மஹ்மூத் 12 விக்கெட்டுகளைச் சாய்த்தார். தொடரை இந்தியா 2-1 என வென்றாலும் கேள்வி கேட்டவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

1954இல் இங்கிலாந்துப் பயணம். மழை, குளிர், பழக்கமில்லாத ஆடுகளங்கள். நொட்டிங்ஹாமில் டெனிஸ் கொம்டன் 278 ஓட்டங்கள் குவிக்க, பாகிஸ்தான் இன்னிங்ஸ் தோல்வியடைந்தது. கடைசி டெஸ்ட் லண்டன் ஓவல் மைதானத்தில் நடந்தது. இங்கிலாந்து வெல்லத் தேவை 168 ஓட்டங்கள். 2 விக்கெட்டுகளை மட்டும் இழந்து 109 வரை போய்விட்டார்கள். அந்த நிலையில் தளராமல் களத்தடுப்பை நெருக்கி, பஸல் மஹ்மூத்தை நம்பிப் பந்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தார் கார்தார். இங்கிலாந்து 143 ஓட்டங்களுக்குச் சுருண்டது. பாகிஸ்தான் 24 ஓட்டங்களால் வென்றது. இரண்டு இன்னிங்ஸிலும் பஸலுக்கு ஆறு ஆறு விக்கெட்டுகள். இங்கிலாந்துக்கான முதல் பயணத்திலேயே அங்கு டெஸ்ட் வென்ற அணி அதற்கு முன் எதுவும் இல்லை. அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூலுக்கு, டெஸ்ட் அந்தஸ்து விசாரணைக் கூண்டில் நிற்கிறது என்ற பொருளில்தான் தலைப்பு வைத்தார். ஒவ்வொரு போட்டியையும் தம் நாட்டின் தகுதி மீதான வழக்காகவே அவர் பார்த்தார்.

இந்தப் பார்வைக்கு ஒரு பலவீனமும் இருந்தது. 1954-55 இந்தியத் தொடரில் ஐந்து டெஸ்ட்களும் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. தோற்றுவிடக் கூடாது என்ற பயம் இரு அணிகளையும் கட்டிப்போட்டிருந்தது. பார்க்க வந்த மக்கள் சலித்துப் போனார்கள். அதில் கார்தாருக்கும் பங்குண்டு. அதே தொடரில் கராச்சியில் அவர் எடுத்த 93 ஓட்டங்களே டெஸ்டில் அவரது அதிகபட்சம்.

1956இல் கராச்சியில் பலம்வாய்ந்த அவுஸ்திரேலியாவை 9 விக்கெட்டுகளால் வென்றார்கள். 1958இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றார்கள். ஹனீப் 970 நிமிடங்கள் நின்று 337 ஓட்டங்கள் எடுத்ததும், கேரி சோபர்ஸ் 365 ஓட்டங்களுடன் உலக சாதனை படைத்ததும் அந்தத் தொடரில்தான். கிங்ஸ்டனில் சோபர்ஸ் அடித்து நொறுக்கியபோது பாகிஸ்தானின் பந்துவீச்சாளர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காயமடைந்தார்கள். கார்தாரின் விரலும் முறிந்திருந்தது. அந்த விரலோடு அவர் 37 ஓவர்கள் வீசினார். தொடரை இழந்தாலும் கடைசிப் போட்டியை இன்னிங்ஸால் வென்றுவிட்டு விடைபெற்றார். அதுவரை பாகிஸ்தான் ஆடிய 23 டெஸ்ட்களுக்கும் அவரே தலைவர். 6 வெற்றி, 6 தோல்வி, 11 சமநிலை. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தொடங்கிய ஓர் அணிக்கு இது சிறிய கணக்கல்ல.

அவர் எளிதில் பழகக்கூடியவராக இருக்கவில்லை. கண்டிப்பானவர், சொன்னதை மாற்றாதவர், முகத்துக்காகச் சிரிக்காதவர். பாகிஸ்தானியர் அவரை ஸ்கிப்பர் என்றே அழைத்தார்கள். மைதானத்தை விட்டுப் போன பிறகும் அந்தப் பட்டம் அவரை விட்டுப் போகவில்லை.

1970இல் அவர் அரசியல் களத்தில் இறங்கினார். ஸுல்பிகார் அலி பூட்டோவின் பாகிஸ்தான் மக்கள் கட்சியில் சேர்ந்து, அவ்வாண்டுத் தேர்தலில் பஞ்சாப் மாகாண சட்டசபைக்குத் தெரிவானார். பின்னர் மாகாண உணவு அமைச்சரானார். ஒக்ஸ்போர்டில் படித்த கனவான், உழைப்பாளருக்கும் ஏழைகளுக்கும் உணவும் உடையும் இருப்பிடமும் கேட்ட கட்சியில் நின்றது பலருக்கு வியப்பாக இருந்தது. ஆனால் வாசலுக்கு வெளியே நிற்பதன் வலியை அறிந்தவருக்கு அந்தக் கட்சியின் அன்றைய குரல் அந்நியமாகத் தோன்றியிருக்காது.

1972இல் பாகிஸ்தான் கிரிக்கெட் சபையின் தலைமை அவரிடம் வந்தது. 1977 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். நம் நாட்டிலும் அரசியல்வாதிகள் விளையாட்டுச் சபைகளின் தலைவர்களாக வந்ததைப் பார்த்திருக்கிறோம். கார்தாரிடம் இருந்த வேறுபாடு, அவருக்கு அந்த விளையாட்டு தெரியும் என்பது மட்டுமல்ல. அதிகாரத்தை எதற்குப் பயன்படுத்துவது என்ற தெளிவும் இருந்தது. சபையின் தலைமையகத்தைக் கராச்சியிலிருந்து லாகூருக்குக் கொண்டுவந்தார். வங்கிகளும் விமான சேவை போன்ற நிறுவனங்களும் வீரர்களுக்கு வேலை கொடுத்துத் தமக்கென அணிகளை வைத்திருக்க ஊக்கமளித்தார். ஏழை வீட்டுப் பிள்ளையும் மாதச் சம்பளத்தோடு கிரிக்கெட் ஆட முடியும் என்ற நிலை அதனால் வலுப்பட்டது.

இனி நமது கதைக்கு வருகிறேன். இம்பீரியல் கிரிக்கெட் மாநாடு 1965இல் பாகிஸ்தானின் முன்மொழிவின்படி சர்வதேச கிரிக்கெட் மாநாடு எனப் பெயர் மாறியது. பொதுநலவாயத்துக்கு வெளியே உள்ள நாடுகளும் சேரலாம் என்றானது. இணை அங்கத்துவம் என்ற புதிய வகுப்பு உருவானது. அவ்வாண்டே இலங்கை இணை அங்கத்தவரானது. ஆனால் டெஸ்ட் ஆடும் உரிமை இல்லை. இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் தாபக நாடுகள் என்ற வகையில் ரத்து அதிகாரம் இருந்தது. மற்ற எல்லோரும் சேர்ந்து ஒன்றைக் கேட்டாலும் இவர்களில் ஒருவர் தலையசைக்காவிட்டால் அது நடக்காது.

கார்தார் அந்த மேசையில் அமர்ந்த முதல் நாளிலிருந்தே அந்த அதிகாரத்தோடு மோதினார். ஆசிய நாடுகள் ஒன்றாகப் பேச வேண்டும் என்றார். இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து தர வேண்டும் என்று 1970களில் திரும்பத் திரும்ப வற்புறுத்தினார். வாயால் மட்டும் அல்ல. அவரது தலைமைக் காலத்தில் இலங்கை அணி பாகிஸ்தானுக்கும், பாகிஸ்தான் அணி இலங்கைக்கும் சென்று ஆடின. அனுர தென்னக்கோனின் அணிக்குப் பெரிய அணியோடு மோதிப் பழகும் வாய்ப்பு அப்படிக் கிடைத்தது. பெரிய நாடுகள் கதவைச் சாத்தி வைத்திருந்த காலத்தில் அந்தப் பயணங்களின் பெறுமதி என்ன என்பதை அந்நாளைய வீரர்கள் அறிவார்கள்.

அவருக்கு இதில் என்ன இலாபம்? அரசியல் கணக்கு எதுவும் இருக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆசிய வாக்கு ஒன்று கூடினால் பாகிஸ்தானுக்கும் அது பலம்தான். ஆனால் தன் நாடு வெளியே நின்றபோது அயலவர் பேசினார் என்பதும், இப்போது உள்ளே இருப்பது தான் என்பதும் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஆசனம் கிடைத்ததும் வந்த வழியை மறந்து கதவைச் சாத்துவோர் அதிகம். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆனால் இதே மனிதர் தன் சொந்த வீரர்கள் வாசலில் வந்து நின்றபோது கதவைத் திறக்கவில்லை. 1976இல் முஷ்தாக் முஹம்மத், ஆஸிப் இக்பால் முதலிய மூத்த வீரர்கள் கூடுதல் ஊதியம் கேட்டார்கள். இங்கிலாந்துக் கழகங்களில் ஆடித் தம் உழைப்பின் விலையை அறிந்தவர்கள் அவர்கள். நாட்டுக்காக ஆடுவதற்குப் பேரம் பேசுவதா என்பது கார்தாரின் எண்ணம். விரல் முறிந்த நிலையில் 37 ஓவர்கள் வீசியவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் அது நியாயமாகிவிடாது. அவர் இணங்க மறுத்தார். இறுதியில் அரசாங்கம் தலையிட்டது. வீரர்களின் பக்கம் வென்றது. அவர்கள் அவுஸ்திரேலியாவுக்குப் போய் 1977 ஜனவரியில் சிட்னியில் வென்றார்கள். இம்ரான் கான் 12 விக்கெட்டுகள் எடுத்த அந்தப் போட்டிதான் அவுஸ்திரேலிய மண்ணில் பாகிஸ்தானின் முதல் டெஸ்ட் வெற்றி. அதே ஆண்டு கார்தார் சபைப் பொறுப்பை விட்டு விலகினார்.

மாணவர்களுக்குக் கதை சொன்னபோது இந்தப் பகுதியை நான் மறைக்கவில்லை. நல்லவர்களின் பிழைகளை மறைத்துச் சொல்லும் வரலாறு பிள்ளைகளுக்கு உதவாது. ஓரிடத்தில் நீதியைத் தெளிவாகக் கண்டவர் இன்னோரிடத்தில் அதே நீதியைக் காணத் தவறலாம். உலக அரங்கில் சிறிய நாட்டின் பங்கைக் கேட்டவர், தன் சபைக்குள் விளையாட்டு வீரனின் பங்கைக் கேட்கவில்லை. ஆசிரியர்களான எங்களுக்கும் இதில் பாடம் உண்டு.

அதன் பின் அவர் எழுதினார். கிரிக்கெட்டைப் பற்றியும், நாட்டின் அரசியலைப் பற்றியும், பங்களாதேஷ் பிரிந்து போகக் காரணமான அரசியல் தோல்வியைப் பற்றியும் நூல்கள் வெளியிட்டார். 1990களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்துக்கான பாகிஸ்தான் தூதுவராகவும் இருந்தார்.

அவர் விதைத்தது அவர் பதவியில் இல்லாத காலத்தில் விளைந்தது. 1979 உலகக் கிண்ணத்தில் இலங்கை இந்தியாவைத் தோற்கடித்தது. காமினி திசாநாயக்க இலங்கை கிரிக்கெட் சபைத் தலைவராக இருந்து எடுத்த முயற்சியால் 1981 ஜூலையில் முழு அங்கத்துவம் கிடைத்தது. 1982 பெப்ரவரியில் கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் பந்துல வர்ணபுரவின் அணி இங்கிலாந்துக்கு எதிராக நமது முதல் டெஸ்டை ஆடியது. இரண்டாவது டெஸ்ட்? அடுத்த மாதமே கராச்சியில், பாகிஸ்தானுக்கு எதிராக. டெஸ்ட் நாடாக நாம் முதன்முதலில் விருந்தாளியாகப் போன வீடு அதுதான்.

பிறகு 1996. அப்போது நான் பாடசாலை மாணவன். ஜனவரி 31ஆம் திகதி கொழும்பில் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு நடந்தது. அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் உலகக் கிண்ணப் போட்டிக்காகக் கொழும்பு வர மறுத்தன. அந்த வேளையில் இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் ஒரே அணியாகக் கொழும்புக்கு வந்து நம்மோடு நட்புறவுப் போட்டி ஆடினார்கள். அஸாருத்தீன் தலைவர், வஸீம் அக்ரமும் அதே அணியில். 1946இல் அப்துல் ஹபீஸ் ஆடியதைப் போன்ற பிரிவினையற்ற ஓர் அணியை ஐம்பது வருடங்களுக்குப் பின் உலகம் பார்த்தது, அதுவும் இலங்கைக்காக.

மார்ச் 17ஆம் திகதி இறுதிப் போட்டி லாகூரில், கடாபி மைதானத்தில். கார்தார் பிறந்த நகரம், அவர் கிரிக்கெட் சபையைக் கொண்டுவந்து வைத்த இடம். எங்கள் தெருவில் தொலைக்காட்சி இருந்த ஒரு வீட்டின் ஜன்னலிலும் ஆட்கள் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள். அரவிந்த டி சில்வா 107 ஓட்டங்கள் பெற்றார். 7 விக்கெட்டுகளால் வென்றோம். அர்ஜுன ரணதுங்கவின் கையில் கிண்ணத்தைக் கொடுத்தவர் பிரதமர் பெனாசிர் பூட்டோ, கார்தார் சேர்ந்த கட்சியை உருவாக்கியவரின் மகள். அரங்கம் முழுவதும் லாகூர் மக்கள் இலங்கைக்காகக் கரகோஷம் செய்தார்கள். எங்கள் பள்ளிவாசல் தெருவில் அன்றிரவு பட்டாசு வெடித்தது.

முப்பத்தைந்து நாட்களுக்குப் பிறகு, 1996 ஏப்ரல் 21ஆம் திகதி, கார்தார் தமது 71ஆவது வயதில் காலமானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். நமக்காக ஆசனம் கேட்டவர் கண்மூடும்போது நாம் உலக சம்பியன்களாக இருந்தோம்.

நமது சமூகத்திலும் ஆசனங்களுக்குக் குறைவில்லை. பாராளுமன்றத்தில், பிரதேச சபைகளில், பள்ளிவாசல் நிர்வாகங்களில், பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களில் நாம் அமர்ந்திருக்கிறோம். புகழை வைத்து ஆசனம் பிடித்தவர்களும் உண்டு. கார்தாரின் வாழ்க்கை அவர்களிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது. அந்த மேசையில் இடமில்லாத யாருக்காக, நம் ஆட்கள் அல்லாத யாருக்காக, நீங்கள் ஒருமுறையாவது வாய் திறந்தீர்கள்?

கதை முடிந்தபோது மணி அடித்துவிட்டது. கைநீட்டப் போன பையனிடம் சொன்னேன்: அடுத்த முறை அப்படி யாராவது சொன்னால் கோபப்படாதே. நீ இலங்கையன், இலங்கை அணி உன் அணி, அதில் வெட்கமோ விளக்கமோ தேவையில்லை. பிறகு அவனை உட்கார வைத்து, இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கேட்டவர்களில் ஒரு லாகூர்காரரும் இருந்தார் என்று கார்தாரின் கதையைச் சொல். அவனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டிய கதைதான்.

அல்லாஹ் அவரது நற்செயல்களை ஏற்று, பிழைகளை மன்னிப்பானாக.